மூன்று மணித் திண்ணை

திண்ணை என்று சொன்னதும் உங்கள் மனதில் யார் வந்து உட்காருகிறார்கள்? பெரும்பாலும் ஒரு தாத்தாவாகத்தான் இருக்கும். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி, கையில் விசிறி, போகிற வருகிறவர்களை நிறுத்தி விசாரிக்கும் குரல். திண்ணைப் பள்ளிக்கூடம் என்றால் மணலில் எழுதும் பையன்கள் நினைவுக்கு வருவார்கள். திண்ணைப் பிரச்சாரம் என்றால் கரைவேட்டிக்காரர்கள். திண்ணைப் பேச்சு என்ற சொல்லில்கூடப் பேசுவது ஆண்கள்தான். பெண்கள் கூடிப் பேசினால் அதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறோம், வம்பளப்பு.

செய்யூரில் எங்கள் வீட்டுக்கும் திண்ணை இருந்தது. அப்பா சம்பளத்தில் மிச்சம் பிடித்தும் கடன் வாங்கியும் வாங்கிய நாட்டு ஓட்டு வீடு அது. வாசற்படிக்கு இரண்டு பக்கமும் திண்ணை. இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சின்னது. பெரிய திண்ணையின் ஓரத்தில் தலை வைத்துப் படுக்கச் சாய்வாக ஒரு திண்டு கட்டியிருந்தார்கள். சிவப்புச் சிமெண்ட் பூசிய தரை சித்திரை வெயிலிலும் சில்லென்று இருக்கும்.

அந்தத் திண்ணைக்கு எழுதாத கால அட்டவணை ஒன்று இருந்தது. காலையில் தாத்தாவும் செய்தித்தாளும். சாயங்காலம் அப்பாவும் அவருடைய நண்பர்களும். ராத்திரி ஆண்களின் படுக்கை. மீதி இருந்தது மத்தியானம் மூன்று மணியிலிருந்து நாலேகால் வரை. அந்த நேரத்தைப் பெண்களுக்கென்று யாரும் ஒதுக்கவில்லை. ஆண்கள் யாரும் கேட்காமல் விட்ட நேரம் அது. சாப்பாடு முடிந்து, பாத்திரம் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்படி துடைத்த பிறகு அம்மா முகம் கழுவிக்கொண்டு வாசலுக்கு வருவார். ஆயா ஏற்கெனவே சின்னத் திண்ணையில் இருப்பார். எதிர்வீட்டுப் பெரியம்மா, மூன்றாவது வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த அத்தை, கந்தசாமி கோயில் பக்கத்திலிருந்து வரும் டீச்சர் என்று ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். மதுராந்தகத்திலிருந்து வரும் நாலேகால் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் எல்லாரும் புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அப்பா அந்த பஸ்ஸில்தான் வருவார்.

யாருடைய கையும் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. ஒருவர் புளியில் கொட்டை எடுப்பார், ஒருவர் வயர் கூடை பின்னுவார், ஒருவர் கனகாம்பரம் கட்டுவார். யாருக்கும் வேலை இல்லையென்றால் என் தலையை இழுத்து வைத்துப் பேன் பார்ப்பார்கள். சின்ன வயதில் அவர்களுடைய சுறுசுறுப்பு என்று அதை நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அந்தப் புளி ஒரு சாட்சி என்று படுகிறது. தெருவில் போகிற ஒருவர், 'இந்தப் பொம்பளைங்களுக்கு வேற வேலை இல்ல' என்று சொல்லிவிட்டால் காட்டுவதற்கு மடியில் ஒரு வேலை வேண்டும். தாத்தா காலையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அவர் மடியில் எந்தச் சாட்சியும் இருந்ததில்லை.

ஆனால் அங்கே சந்தோஷமும் இருந்தது. தை மாதம் வேகவைத்த பனங்கிழங்கு வரும். நார் உரித்து, ஒடித்து, நடுக்குருத்தைத் தனியாக எடுத்து எனக்குத் தருவார்கள். கோடை தொடங்கினால் இடைக்கழிநாட்டுப் பக்கத்திலிருந்து தர்ப்பூசணி வண்டி வரும். அதன் பிறகு நுங்கு. வீட்டுக்குள் சாப்பிடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தாத்தாவும் அப்பாவும், பிறகு பிள்ளைகள், கடைசியில் ஆயாவும் அம்மாவும். குழம்பில் மீன் துண்டு மிஞ்சியிருந்தால் அது அவர்கள் அதிர்ஷ்டம். திண்ணைக்கு வந்த பழத்துக்கு அந்த வரிசை கிடையாது. வாசலிலேயே வெட்டி வாசலிலேயே தின்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா முதல் துண்டை எடுத்துக் கடித்ததை நான் பார்த்தது அந்தத் திண்ணையில்தான். சாறு முழங்கை வரை வழிய, வாயைத் துடைக்காமல் சத்தமாகச் சிரித்ததையும் அங்கேதான் பார்த்தேன். உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு பாதியாகிவிடும்.

வம்பளப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான் பத்துப் பேர் சேர்ந்த குலுக்கல் சீட்டு நடந்தது. யாருக்குப் பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த மாப்பிள்ளை குடிப்பான், எந்தக் கடையில் எடையில் ஏமாற்றுகிறார்கள், விதவை ஓய்வூதியத்துக்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் கை மாறின. பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தியின் முதுகில் விழுந்த அடியைப் பற்றி முதலில் பேசியதும் அந்தத் திண்ணைதான். அவள் அப்பாவுக்கு இன்லேண்ட் லெட்டர் எழுதியவர் டீச்சர். தபால் பெட்டியில் போட்டவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நான்காவது நாள் அந்த அப்பா வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனார். கடிதம் எப்படிப் போனதென்று அந்தத் தெரு ஆண்களுக்குக் கடைசி வரை தெரியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, அது பெண்களின் சொர்க்கமாக இருந்தது என்று முடித்துவிட முடியாது. பெண்களுக்கான நேரம் என்றால் எந்தப் பெண்களுக்கு என்றும் சொல்லியாக வேண்டும். கடப்பாக்கம் பக்கத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் அம்மா படியில்தான் உட்காருவார். உப்பளத்திலிருந்து உப்பு கொண்டுவருபவரும் அப்படித்தான். நடவுக்கும் அறுப்புக்கும் காலனியிலிருந்து வரும் அக்கா தெருவில் வேப்பமர நிழலில் நின்றபடியே பேசுவார். தண்ணீர் கேட்டால் ஆயா சொம்பைக் கொடுக்க மாட்டார், தூக்கி ஊற்றுவார். அவர் இரண்டு கையையும் குவித்துக் குடிப்பார். உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் எங்கள் தெருவுக்குள் வந்ததே இல்லை. ஆண்களிடமிருந்து ஒன்றேகால் மணி நேரத்தைப் பெற்ற எங்கள் வீட்டுப் பெண்கள், அந்தத் திண்ணையில் ஆண்கள் போட்டிருந்த கோட்டை அழிக்கவில்லை. அதே கோட்டுக்குள்தான் உட்கார்ந்தார்கள்.

பிறகு தொலைக்காட்சி வந்தது, மத்தியானத் தொடர்கள் வந்தன. மூன்று மணிக்கு ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்குள் உட்கார்ந்து யாரோ ஒருத்தியின் மாமியாரைத் திட்டத் தொடங்கினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பிறகு நிலத்தின் விலை ஏறியது. 4,000 மெகாவாட் அனல் மின் நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தபோது தரகர்களும் வந்தார்கள். மின் நிலையம் வரவில்லை. மனைப்பிரிவுக் கொடிகள் வந்தன. தெருவில் ஒவ்வொரு வீடாக இடித்துக் கட்டினார்கள். புது வீடுகளில் முதலில் காணாமல் போனது திண்ணைதான். அந்த இடத்தில் காம்பவுண்டு சுவரும் இரும்பு கேட்டும் காரும் நின்றன. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தபோது எங்கள் தெருவில் திண்ணையோடு நின்றவை மூன்றே வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது.

அப்பா இறந்த மறுவருடம் தம்பி வீட்டை இடித்துக் கட்டலாம் என்றான். தம்பியைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். அம்மாவோடு இருப்பவன் அவன்தான். மாத்திரை வாங்குவதும் கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனதும் அவன்தான். ஓடு ஒழுகியதும் உண்மை. பொறியாளர் வரைந்த படத்தைக் கொண்டுவந்து காட்டினான். திண்ணை இருந்த இடத்தில் 'கார் பார்க்கிங்' என்று எழுதியிருந்தது. கடன் வாங்க வேண்டும், அதற்குப் பட்டா அவன் பெயருக்கு மாற வேண்டும், அதற்கு நாங்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழில் நான்கு பெயர்கள் இருந்தன: அம்மா, நான், தங்கை, தம்பி. பத்திரத்தில் இருக்கப்போவது ஒரு பெயர். நாங்கள் மூன்று பேரும் எந்தப் பிரதிபிரயோஜனமும் பெறாமல் பாத்தியத்தை விட்டுக்கொடுப்பதாகப் பத்திர எழுத்தர் நகல் தயாரித்து வைத்திருந்தார். எங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, எந்தத் தேதி சௌகரியம் என்று மட்டும் கேட்டார்கள்.

அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"திண்ணை எங்கடா?"

"அதெல்லாம் இப்ப யாரும்மா வைக்கிறா? கார் நிக்க வேணாமா?"

"காரு உக்காருமா?"

தம்பி சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. "எனக்குத் திண்ணை வேணும். அது இல்லன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அன்று வீட்டில் நடந்த பேச்சில் எனக்கு நினைவிருப்பது ஒன்று. "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா அது?" என்று எல்லாரும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தனியாக அறை தருகிறோம், ஏசி போடுகிறோம், உள்ளேயே குளியலறை வைக்கிறோம் என்றார்கள். "ரூம்ல உக்காந்தா நான் செவுத்தைதான் பாக்கணும்" என்றார் அம்மா.

கல்லூரியில் படித்தவர்களுக்கு வர்ஜீனியா வுல்ஃபைத் தெரிந்திருக்கும். எழுத நினைக்கும் பெண்ணுக்குக் கொஞ்சம் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என்று அவர் வாதிட்ட புத்தகம் 1929இல் வெளிவந்தது. அதே 1929இல், பிப்ரவரி 17, 18 தேதிகளில், எங்கள் செங்கல்பட்டில் சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு நடந்தது. ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேற்றினார்கள். வுல்ஃபுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் இடம் வேண்டியிருந்தது. என் அம்மாவுக்கோ வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு உள்ளேதான் இருப்பு. அவர் கேட்டது தெருவைப் பார்த்துத் திறந்திருக்கும் இடம். இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது?

செங்கல்பட்டுத் தீர்மானம் சட்டமாக நெடுங்காலம் ஆனது. 1937இல் வந்த சட்டம் கணவனை இழந்த பெண்ணுக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமையைத்தான் கொடுத்தது. தன் விருப்பப்படி விற்கவோ எழுதி வைக்கவோ அவளால் முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அதை முழு உரிமையாக்கியது. உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்றது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. எங்கள் வீடு அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், அவர் உயில் எழுதவில்லை. ஆக, அம்மாவுக்கு நாலில் ஒரு பங்கு, எங்களுக்கும் அப்படியே. அப்பா செலுத்திய கடனுக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு நான்கு வருடம் இருந்த அம்மாவுக்கு, அந்தப் பங்கு இருக்கிறதென்று எழுபது வயதில் ஒரு பத்திர நகலைப் பார்த்துத்தான் தெரிந்தது. அதுவும் அதை விட்டுக்கொடுக்கச் சொன்ன நகல்.

தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நம் பெண்கள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடுவது பெரும்பாலும் அன்பினாலும் பயத்தினாலும். தீபாவளிக்குக் கூப்பிட ஒரு வீடு வேண்டும், நாளைக்குக் கணவன் வீட்டில் ஏதாவது என்றால் வந்து நிற்க ஓர் அண்ணனோ தம்பியோ வேண்டும். பிறந்த வீட்டு வாசலைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வீட்டிலிருக்கும் தன் பங்கையே விலையாகக் கொடுக்கிறார்கள். நான் போடவில்லை. அம்மா ஒருவராக நின்றால் அது பிடிவாதம் என்று பேசி முடித்துவிடுவார்கள், இரண்டு பேராக நின்றால் பொறியாளர் படத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மூன்று மாதம் தம்பி என்னோடு பேசவில்லை. அந்த மூன்று மாதமும் சுலபமாக இல்லை.

அம்மா கேட்டது சின்ன விஷயம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். சின்னதா என்று கணக்குப் பார்க்கலாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறவர்களில் பெண்கள் ஒரு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடியும் எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டில் நமக்குப் பத்து நிமிடம் குறைந்தது, அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. சமைத்துத் துடைத்து மிஞ்சும் நேரத்தில் உட்கார ஓர் இடம் கேட்பது ஆடம்பரம் என்றால், காருக்கு நிழல் கேட்பதற்கு என்ன பெயர்?

எனக்கும் ஒரு திண்ணை உண்டு. நான் இருப்பது தாம்பரத்தில், அடுக்குமாடி வீடு. அங்கே கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. என் திண்ணை, தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் மின்தொடர்வண்டியின் மகளிர் பெட்டி. காலையில் ஏறினால் ஒருத்தி பூ கட்டுவாள், ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், இரண்டு பேர் தூங்குவார்கள். நிறைமாதமாக இருந்த ஒருத்திக்கு நாங்கள் அந்தப் பெட்டியிலேயே வளையல் போட்டோம். ஐந்து வகைச் சோறும் ஐந்து டிபன் பாக்ஸில் வந்தது. கைகள் இங்கேயும் சும்மா இருப்பதில்லை. ஆனால் யார் எந்தச் சீட்டில் உட்காரலாம் என்று யாரும் சொல்வதில்லை. முதலில் ஏறியவளுக்குச் சீட்டு. எங்கள் ஊர்த் திண்ணையில் இல்லாத நியாயம் அது.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானதும் அம்மாவும் ஒரு திண்ணையைக் கண்டுபிடித்துக்கொண்டார். அப்பா இருந்தபோதே, மத்தியானம் மாத்திரை வாங்குகிறேன் என்று பஸ் ஏறுவார். செய்யூரிலேயே கிடைக்கும் மாத்திரைதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, உப்பளத்தையும் பனை மரங்களையும் பார்த்துக்கொண்டு போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். மாத்திரைச் சீட்டு பழைய புளியைப் போல ஒரு சாட்சி. சும்மாதான் போய்வந்தேன் என்று அவர் என்னிடம் சொல்ல இரண்டு வருடம் ஆயிற்று.

கடைசியில் பட்டா மூன்று பெயரில் கூட்டாக மாறியது. வங்கியிலும் மூன்று பேரும் கூட்டாகத்தான் விண்ணப்பித்தோம். கார் வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குப் போனது. பொறியாளர் புதிய படத்தில் காம்பவுண்டு சுவருக்கு உள்ளே ஒரு மேடை வரைந்து 'சிட் அவுட்' என்று எழுதிக் கொண்டுவந்தார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சுவருக்குள்ளே இருந்தால் அது திண்ணை இல்லை, தெருவில் போகிறவள் கேட்டைத் திறக்காமல் வந்து உட்கார முடிய வேண்டும் என்றார். ஏழடி நீளம், மூன்றடி அகலம், சுவருக்கு வெளியே. முட்டி வலிக்கிறது, பழையபடி உயரமாக வேண்டாம், படி இல்லாமல் நேராக உட்காருகிற உயரத்தில் கட்டுங்கள் என்றும் மேஸ்திரியிடம் சொன்னார்.

படி இல்லையென்றால் கருவாட்டுக்காரம்மா எங்கே உட்காருவார் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. "எங்க உக்காருவா, இங்கதான்" என்றார். பிறகு, "உங்க ஆயா இருந்தா ஒத்துக்க மாட்டா" என்றார்.

அந்தத் தெருவில் மூன்று மணிக்கு வந்தவர்களில் இப்போது அம்மாவோடு மிச்சம் இருப்பவர் எதிர்வீட்டுப் பெரியம்மா மட்டும். அவருக்கும் காது கேட்பதில்லை. யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று தம்பி கேட்டதற்கு, "வரவங்க வரட்டும். யாரும் வராட்டி நான் உக்காந்திருக்கேன்" என்றார் அம்மா. போன வாரம் போனபோது வீடு லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது. திண்ணைக்குச் செங்கல் வைத்தாயிற்று, பூச்சு இன்னும் ஆகவில்லை. டீ நேரத்தில் இரண்டு சித்தாள் பெண்கள் அதில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா வாடகை வீட்டிலிருந்து வறுத்த வேர்க்கடலையோடு வந்து நடுவில் உட்கார்ந்தார்.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீட்டுப் பட்டாவை ஒருமுறை பாருங்கள், இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். அதில் யார் யார் பெயர் இருக்கிறதென்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அப்படியே அந்த வீட்டில் அவருக்குப் பிடித்த இடம் எது, எத்தனை மணிக்கு அங்கே உட்காருவார் என்றும் கேளுங்கள். இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.